ஆடைத் தொழிற்சாலையை விட்டு ஊர் திரும்பித் தையல் தொழில் தொடங்க விரும்புகிறேன்: ஆலோசனை தேவை

பொகவந்தலாவைப் பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். பொகவந்தலாவைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்று என் ஊர். கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். தொடக்கத்தில் தையல் வரிசையில் கழுத்துப்பட்டி பொருத்தும் இடத்தில் இருந்தேன். இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கூடிவிட்டதால் மலையேறிக் கொழுந்து பறிக்க இயலவில்லை. தம்பி உயர்தரம் படிக்கிறான். ஆகவே வரும் தைக்குப் பிறகு வீட்டோடு இருந்துகொண்டு தையலையே தொழிலாகச் செய்யலாம் என எண்ணியிருக்கிறேன்.

விடுதியில் உடன் தங்கியிருக்கும் தோழிகளின் சேலைச் சட்டைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். அதில் எனக்குக் கை நன்றாக வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கை வருவதும் அதை வைத்துக் குடும்பம் நடத்துவதும் வேறு வேறு என்பதும் தெரிகிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் இரண்டு இலட்சம் ரூபா கடன் கிடைக்கும், மாத வட்டி இரண்டு வீதந்தான் என்கிறார்கள். அதை எடுத்து ஹட்டனில் கடை பார்ப்பதா, வீட்டிலேயே தொடங்குவதா, பதிவு செய்ய வேண்டுமா, எவ்வளவு கூலி கேட்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. சொந்தக்காரர்களிடம் காசு கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஹட்டன் தையலக்கா:

தங்கச்சி, கடையையும் கடனையும் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கையில் உண்மையில் என்ன வேலை இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் கழுத்துப்பட்டி மட்டும் பொருத்தியவருக்கு வேகமும் நேர்த்தியும் இருக்கும். ஆனால் ஓர் ஆளை முன்னால் நிறுத்தி அளவெடுத்து, அந்த அளவைத் துணியில் வரைந்து, வெட்டி, முழு உடுப்பாக முடித்துக் கொடுப்பது அங்கே யாரும் கற்றுத் தராத வேலை. ஊரில் தையற்காரியைத் தேடி வருபவர்கள் பணம் கொடுப்பது அந்த வேலைக்குத்தான். தையல் நேராக இருந்தும் கைக்குழி பிடித்தால் சட்டை திரும்பி வரும், ஆளும் திரும்பி வரமாட்டார்.

இதை இன்னும் கிட்ட நின்று சொல்கிறேன். நம் ஊர்ப் பெண்கள் பல வருடம் கூடையையோ கொழுந்துச் சாக்கையோ தலையில் மாட்டி வேலை செய்தவர்கள். அவர்களின் தோள், தையல் புத்தகத்தில் உள்ள படத்தைப் போல இராது. ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும், முதுகின் மேற்பகுதி அகன்றிருக்கும். அளவு நாடாவைப் பிடித்து மார்பளவும் இடுப்பளவும் மட்டும் எடுத்தால் கழுத்து பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முதுகின் குறுக்களவைக் கையை முன்னால் நீட்டச் சொல்லி எடுக்க வேண்டும். தரப் பரிசோதனையில் இருந்ததால் எங்கே பிழை என்று காணும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய சொத்து. குறையாக இருப்பது வெட்டு மட்டுமே. வேலையை விடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல தையற்காரர் ஒருவரிடம் வெட்டுப் பழகுங்கள். பழைய சேலைத் துணியில் வெட்டிப் பழகினால் செலவும் இல்லை.

கண்டிக் கணக்காளர்:

கடனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அவசரமாகச் சொல்லப்பட வேண்டியது அதுதான்.

“மாதம் இரண்டு வீதம்” என்று வாயால் சொல்லப்படும் கடன்களில் பெரும்பாலானவற்றில் வட்டி கடைசி வரை முழுத் தொகைக்குமே கணக்கிடப்படும். இரண்டு இலட்சத்தை ஓராண்டுக்கு அப்படி எடுத்தால் வட்டி 48,000 ரூபா; மொத்தம் 248,000 ரூபாவைப் பன்னிரண்டு தவணையாக, மாதம் ஏறக்குறைய 20,670 ரூபா கட்ட வேண்டும். ஆறாம் மாத முடிவில் கடன் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், ஆனாலும் முழு இரண்டு இலட்சத்துக்கான வட்டியையே தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைந்து செல்லும் நிலுவையின் மீது இதைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 24 அல்ல, ஏறக்குறைய 42 வீதம் ஆகிறது. எந்தக் கடனாக இருந்தாலும் “நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையுமா, மொத்தமாக என் கையிலிருந்து எவ்வளவு போகும்?” என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் கையொப்பமிட வேண்டாம். முதல் மாதமே தவணை தொடங்கும் கடன், முதல் மாதம் வாடிக்கையாளர் இல்லாத தொழிலுக்குப் பொருந்தாது. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களில் கிழமைத் தவணை கட்டுவதற்காக இன்னொரு கடன் எடுக்கும் நிலை வந்ததை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

உங்களுக்குச் சட்டப்படி வரவேண்டிய பணம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்த மாதச் சம்பளக்காரர், வேலையை விட்டுச் செல்லும்போது, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதியைப் பெற உரித்துடையவர். நீங்களாகவே விலகினாலும் இது உண்டு. முப்பது நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் தொழில்வழங்குநர் உங்கள் பெயரில் மாதந்தோறும் இட்ட 3 வீதத்தையும் வேலையை விட்டதும் கோரலாம். அதன் பின் அடுத்த கோரிக்கைக்கு ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். ஊழியர் சேமலாப நிதியை முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்களுக்கு அது 50 வயதில், அல்லது திருமணத்தின் காரணமாக வேலையை விடும்போது கிடைப்பது. உங்கள் முதுமைக்குரிய பணம்.

தலவாக்கலை வாசகர்:

எல்லோரும் பயமுறுத்துவது போல இருக்கிறது. லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், மெசினைப் போட்டுக்கொண்டு இருந்தால் பக்கத்து வீட்டாரைத் தவிர யாருக்குத் தெரியும்? டவுனில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கமாகச் சின்னக் கடையாவது எடுத்தால்தான் ஆட்கள் வருவார்கள். துணிந்து இறங்கினால்தான் வளர முடியும்.

ஹட்டன் தையலக்கா:

தம்பி சொல்வது பலசரக்குக் கடைக்குப் பொருந்தும். சேலைச் சட்டை தைக்க வருபவர், முன்பு ஒருவருக்குத் தைத்த சட்டையைக் கல்யாண வீட்டிலோ கோயிலிலோ பார்த்துவிட்டு “யார் தைத்தது?” என்று கேட்டுக்கொண்டு வருபவர். அவர் மேட்டு லயத்துக்கும் ஏறி வருவார். டவுனில் கடை என்றால் முற்பணமாகப் பல மாத வாடகையைக் கேட்பார்கள். அந்தப் பணத்தில் நல்ல மெசினும் ஓரம் அடிக்கும் மெசினும் வாங்கி ஓராண்டு தொழில் நடத்தலாம். வீட்டில் வைத்துத் தைத்து முடிக்க முடியாத அளவுக்கு வேலை வரட்டும், அப்போது கடையைத் தேடலாம். டவுனில் ஆள் தெரிய வேண்டுமென்றால், துணி விற்கும் கடையொன்றில் உங்கள் ஆரி வேலை செய்த சட்டை ஒன்றைத் தொங்கவிடக் கேளுங்கள். துணி வாங்குகிறவர் அடுத்ததாகக் கேட்பது தையற்காரரைத்தான்.

பொகவந்தலாவைப் பிள்ளை:

பணிக்கொடையைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை, மிக்க நன்றி ஐயா. கடனை விட்டுவிடுகிறேன். அக்கா, கூலியைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவர் உள்துணி வைத்த சட்டைக்கு 1,000 ரூபா வாங்குகிறார். நான் கூடுதலாகக் கேட்டால் யார் வருவார்கள்?

ஹட்டன் தையலக்கா:

இந்த இடத்தில்தான் திறமையுள்ள பெண்கள் பலர் தோற்றுப் போகிறார்கள், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். மற்றவர் என்ன வாங்குகிறார் என்பதை முதலில் மறந்துவிட்டு, ஒரு சட்டை உங்களுக்கு என்ன செலவு வைக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக உள்துணி 400 ரூபா, நூல், கொக்கி, கழுத்துக்கு வைக்கும் கன்வஸ் எல்லாம் 150 ரூபா என்று வைப்போம். மின்சாரம், ஊசி, மெசினைத் திருத்தும் செலவு, சாமான் வாங்க ஹட்டனுக்குப் போய்வரும் பஸ் காசு ஆகியவற்றைப் பங்கிட்டால் சட்டைக்கு இன்னொரு 150 ரூபா வரும். இப்போதே 700 ஆகிவிட்டது. 1,000 ரூபா வாங்குகிறவருக்கு மிச்சம் 300. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, கையால் ஓரம் மடித்துக் கொக்கி வைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் சேர்த்து நான்கு மணித்தியாலம் என்றால் அவருக்கு மணிக்கு 75 ரூபாதான் கிடைக்கிறது. 2024இல் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று ஆனது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 169 ரூபா. அந்தச் சம்பளம் போதாதென்றுதானே பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் போகிறார்கள்? கைத்தொழில் தெரிந்தவர் அதில் பாதிக்கும் குறைவாக வாங்கித் தைத்தால் அது தொழிலே அல்ல, தன் உழைப்பை ஊருக்குத் தானமாகக் கொடுப்பது.

உங்கள் மணித்தியாலத்துக்கு 250 ரூபா போடுங்கள். நான்கு மணிக்கு 1,000; செலவு 700; கூட்டினால் 1,700. அதற்கு மேல் ஏறக்குறைய 15 வீதம் தொழிலுக்கென்று வையுங்கள். மெசின் பழுதானாலும், சட்டையொன்று பிழைத்துத் துணிக்கு ஈடு கொடுக்க வேண்டி வந்தாலும் அந்தப் பணம்தான் கைகொடுக்கும். ஆக 1,950 ரூபா. ஆரி வேலையை இதற்குள் கலக்கவே வேண்டாம். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டும் நேரம் முதல் கடைசிக் கல் ஒட்டும் வரை தனியாக மணிக்கணக்கு எழுதுங்கள். முதுகில் மட்டும் செய்யும் சிறிய வேலைக்கே இருபது மணித்தியாலம் எடுத்தால், கூலி மட்டும் 5,000 ரூபா. கேட்பவருக்கு அது கூடுதலாகத் தெரிந்தால் கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். கைக்கு மட்டும், அல்லது கழுத்தோரம் மட்டும் செய்து கொடுக்கலாம். இதற்காகவே சிறிது, நடுத்தரம், நிறைவேலை என்று மூன்று மாதிரியைத் தைத்து வைத்து, ஒவ்வொன்றின் விலையையும் அதிலேயே குத்தி வையுங்கள். விலை எழுதியிருந்தால் சொந்தக்காரர்களிடம் வாய் திறந்து கேட்கும் கூச்சமும் பாதி தீரும்.

1,000 ரூபாவுக்குத் தைப்பவரிடம் போகிறவர்கள் போகட்டும். அன்றாடம் போடும் சட்டைக்கு அவரும் வேண்டும். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் உடுத்தும் சேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர், அதைக் கெடுக்காத கையைத்தான் தேடுவார்.

மஸ்கெலியாக் கடைக்காரர்:

தையலக்காவின் கணக்கு சரியானது. ஆனால் விலையைப் போல முக்கியமான இன்னொன்று யாராலும் பேசப்படவில்லை, அதுதான் கடன் கொப்பி. தோட்டத்தில் காசு பத்தாம் திகதியை ஒட்டி வரும், சில நாட்களில் போய்விடும். மிச்ச நாளெல்லாம் “சம்பளத்துக்குத் தருகிறேன்” என்பதுதான் பேச்சு. கடன் கொடுக்கமாட்டேன் என்று நின்றால் லயத்தில் வியாபாரமே இல்லை. எல்லோருக்கும் கொடுத்தால் அடுத்த முறை சரக்கு வாங்கக் கையில் காசு இருக்காது. நல்ல சாமானும் நல்ல குணமும் இருந்து, வெளியில் நிற்கும் கடனாலேயே மூடிய கடைகளை எங்கள் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தையலுக்கு ஒரு வசதி இருக்கிறது, தங்கச்சி. அரிசியும் பருப்பும் கொடுத்தால் அன்றே தின்று முடிந்துவிடும்; தைத்த சட்டை உங்கள் வீட்டில்தானே இருக்கும்? ஆகவே துணியைத் தரும்போதே செலவுக் காசை, அதாவது அந்த 700 ரூபாவை, முற்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் தந்த பிறகே சட்டை கைமாற வேண்டும். கொடுக்கும் நாளைச் சம்பள நாளுக்கு அடுத்த நாட்களில் வையுங்கள். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுக்கும் காலத்தில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். எத்தனை சட்டை முடியும் என்று முன்கூட்டியே எண்ணி, அந்த எண்ணிக்கை நிறைந்ததும் பொறுப்பெடுப்பதை நிறுத்திவிடுங்கள். தீபாவளி முடிந்த மறுநாள் கொடுக்கும் சட்டைக்கு யாரும் முழுக்காசு தரமாட்டார்கள், தரச் சொல்லிக் கேட்கவும் முகம் இராது.

ஹட்டன் தையலக்கா:

அண்ணா சொல்வதில் எனக்கு ஓரிடத்தில் மாற்றுக் கருத்து உண்டு. மரண வீட்டுக்கும் பள்ளிப் பிள்ளையின் சீருடைக்கும் முற்பணம் கேட்க வேண்டாம். ஊரோடு வாழ்கிறவர்கள் நாம், அந்த இரண்டுக்கும் விட்டுக்கொடுப்பதற்கென்று மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம். மற்றதெல்லாம் அண்ணா சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

நானுஓயா ஓய்வுநிலை ஆசிரியர்:

மகளே, உங்கள் கேள்வியை வாசித்தபோது ஒன்று தோன்றியது. ஒரு திறமைக்குள் பல தொழில்கள் இருக்கின்றன. அவற்றில் எது உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் என்பது செய்து பார்க்கும் வரை தெரியாது. ஆரி வேலையைத் தைத்துக் கொடுப்பது ஒன்று. அந்தக் கோலத்தைக் கடதாசியில் வரைந்து ஊசியால் குத்தி, மற்றத் தையற்காரர்களுக்கு அச்சாக விற்பது இன்னொன்று. சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மூன்றாவது. மூன்றையும் முதல் ஆண்டிலேயே செய்ய முற்பட்டால் ஒன்றும் உருப்படாது. ஆனால் வேலை குறையும் மாதங்களுக்கென்று ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியிலும் தையிலும் மூச்சுவிட நேரம் இராது. புதிய வகுப்புத் தொடங்கும்போது சீருடை வரும். திருவிழாக் காலம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். உங்கள் சுற்றுவட்டாரத்துக் கோயில்களின் திருவிழா நாட்களைக் கேட்டெழுதி, ஓர் ஆண்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கற்பிக்கும் வகுப்பை ஆடியில் வைக்கலாம்.

சான்றிதழையும் மறக்க வேண்டாம். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே தொழில் பழகியவர்களையும் மதிப்பிட்டுத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்கள், தொழிற்சாலையின் சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பது உதவும். நாளை பாடசாலையிலோ பயிற்சி நிலையத்திலோ கற்பிக்க நேர்ந்தால், அல்லது வங்கியில் முறையான கடன் கேட்க நேர்ந்தால், அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

பதுளை வாசகர்:

பிரதேச செயலகமொன்றில் பணியாற்றியவன் என்ற முறையில் பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்தப் பெயரிலேயே தைப்பதானால் வணிகப் பெயர்ப் பதிவு அவசியமில்லை. வேறு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், தொழில் நடக்கும் இடத்துக்கான உரிமை அல்லது சம்மதத்தைக் காட்டும் கடிதமும் கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. லயன் அறை அதில் குடியிருப்பவர் பெயரில் இல்லை. பல இடங்களில் வீட்டுக்கென்று தனி முகவரியும் கிடையாது, கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே வரும். ஆகவே முதலில் தோட்ட முகாமையாளரிடம், இன்ன இலக்க அறையில் வசிக்கும் இன்னார் அங்கே தையல் செய்வதில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். வாயால் சொன்ன அனுமதி, அவர் மாற்றலாகிப் போனால் நிற்காது. கிடைக்கவில்லையென்றால் டவுனில் உறவினர் ஒருவரின் இடத்தை அவரது எழுத்துமூலச் சம்மதத்தோடு முகவரியாகக் காட்டலாம்.

பதிவு செய்தால் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், பாடசாலைகளின் மொத்தச் சீருடை வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் வரவு செலவை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். பிரதேச செயலகங்களோடு இயங்கும் விதாதா வள நிலையங்களிலும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையிலும் சிறு தொழில் செய்வோருக்கான பயிற்சிகள் நடக்கும், தமிழில் எப்போது நடக்கிறது என்று கேட்டுப் போங்கள்.

பொகவந்தலாவைப் பிள்ளை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் முடிவெடுத்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். கடன் எடுக்கவில்லை. தை வரை ஞாயிறுகளில் வெட்டுப் பழகுகிறேன். பணிக்கொடைப் பணத்தில் ஒரு மெசினும் ஓரம் அடிக்கும் மெசினும் வாங்கி, மிச்சத்தை மூன்று மாத வீட்டுச் செலவுக்கு வைக்கிறேன். முதலில் என் சொந்தப் பெயரிலேயே வீட்டில் தொடங்கி, மூன்று மாதிரிச் சட்டைகளைத் தைத்து ஒன்றை ஹட்டன் கடையில் தொங்கவிடக் கேட்பேன். செலவுக் காசு முற்பணம். மாதக் கடைசியில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கவும் நினைத்திருக்கிறேன்.

கண்டிக் கணக்காளர்:

திட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தங்கள். முதலாவது, இந்த மாதக் கடைசியில் கடிதம் கொடுக்க வேண்டாம். வெட்டுப் பழகும் காலம் முழுவதும் சம்பளமும் வரட்டும்; நியமனக் கடிதத்தில் எவ்வளவு முன்னறிவித்தல் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தையிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கொடுங்கள். அதோடு, இணைந்த திகதியிலிருந்து ஐந்து முழு ஆண்டுகள் நிறைந்திருக்கின்றனவா என்பதைத் திகதி வாரியாகச் சரிபாருங்கள். ஒரு மாதம் குறைந்தாலும் உரித்து இல்லாமற் போகும்.

இரண்டாவது, மெசின்களை வாங்கிய பின் மிஞ்சுவதைக் கொண்டு மூன்று மாதச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தலைகீழாக்குங்கள். அம்மாவின் மருந்து, தம்பியின் வகுப்புக் காசு, சாப்பாடு ஆகியவற்றுக்கான மூன்று மாதப் பணத்தை முதலில் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மிஞ்சியதற்கு ஏற்ற மெசினை வாங்குங்கள். ஓரம் அடிக்கும் மெசினுக்குப் போதவில்லையென்றால் சில மாதம் அந்த வேலையை மட்டும் ஹட்டனில் கூலிக்குக் கொடுத்துச் செய்விக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பிரதியெடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.